மாரித்தாய்க்கு இரண்டு குழி

இலஞ்சியில் குற்றாலிங்கத்தின் வீட்டுக் கன்னிக்கு ஊருக்குள் நல்ல பேர் இருந்தது. கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண்ணைக் கன்னி என்று வைத்துக் கும்பிடுவது அந்தப் பக்கத்தில் பல குடும்பங்களில் உள்ள வழக்கம்தான். ஆனால் இந்தக் கன்னி கேட்டதைக் கொடுப்பாள் என்று அடுத்த தெருக்காரர்கள்கூட வந்து நேர்ந்துகொண்டு போவார்கள். தென்னந்தோப்பின் கிழக்கு மூலையில் முழ உயரத்தில் ஒரு கல். தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அதற்கு மஞ்சள் பூசி, புதுச் சிற்றாடை சாத்தி, வளையலும் பொங்கலும் படைப்பார்கள்.

கல்லுக்குக் கீழே இருந்தது குற்றாலிங்கத்தின் அக்காள் மாரித்தாய். அவளுக்கு அம்மை கண்டபோது அவர் சின்னப் பையன். தொற்றிக்கொள்ளும் என்று அவரைச் சுரண்டையில் தாய்மாமன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தபோது அக்காள் இல்லை. கேட்டதற்கு அம்மா தோப்புக்குக் கூட்டிப்போய்க் கல்லைக் காட்டினாள். அன்றிலிருந்து அந்தக் கல்தான் அக்காள்.

வளர்ந்து, அப்பாவும் அம்மாவும் காலமாகி, வயலும் தோப்பும் அவர் கைக்கு வந்து, அவருக்கும் மீசையில் நரை தட்டியாயிற்று. கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளை இல்லை. மனைவி சங்கரம்மாள் கன்னிக்கு நேர்ந்துகொண்ட பிறகுதான் ஒரு பெண் பிறந்தாள். அவளுக்கும் மாரித்தாய் என்றே பேர் வைத்தார்கள். சங்கரம்மாள் நல்லது கெட்டது எதுவானாலும் முதலில் தோப்புக்குப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் புருஷனிடம் வருவாள்.

முப்பத்தாறாம் வருஷம் கோடையில் தோப்புக் கிணறு வற்றிவிட்டது. ஊற்றுப் பார்க்க வந்தவர் சுற்றிச் சுற்றி நடந்துவிட்டுக் கிழக்கு மூலையிலேயே வந்து நின்றார். சங்கரம்மாள் முதலில் ஒப்பவில்லை. பிறகு, பூசை போட்டு உத்தரவு கேட்டு, குழியில் இருப்பதைப் புதுப்பானையில் எடுத்து வீட்டுக் கொல்லையில் வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

மண் வெட்டியது தோப்பு வேலை பார்க்கும் சொரிமுத்து. குற்றாலிங்கம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். சங்கரம்மாள் கையில் புதுப்பானை. இடுப்பளவு போயும் ஒன்றும் தட்டுப்படவில்லை. நெஞ்சளவு போனபோது ஒரு சின்னக் கலயம் அகப்பட்டது. அதற்குள் கண்ணாடி வளையல்கள், ஒன்றுகூட உடையாமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியபடி இருந்தன. சொரிமுத்து அதற்கும் கீழே வெட்டினான். மண் இறுகி, யாரும் தொடாத மண்ணாக வந்தது.

"அண்ணாச்சி, இதுக்குக் கீழ யாரும் வெட்டினதே இல்ல. எலும்பு மக்கிப் போகலாம், பல்லாவது கெடக்கணும்லா. இங்கன யாரையும் பொதைக்கல."

சங்கரம்மாள் பானையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

குற்றாலிங்கம் கை கால் கழுவாமல், மண் ஒட்டிய காலோடு சித்தப்பா வீட்டுக்குப் போனார். அப்பாவின் தம்பி நயினார்தான் அந்தக் காலத்து ஆட்களில் மிச்சம். முழங்கால் வீங்கிக் கட்டிலோடு கிடந்தாலும் நாக்கு கிடையில் விழவில்லை. அவர் மகன் இசக்கியப்பன் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"குழியத் தோண்டச் சொன்னது யாருலே?" என்றார் நயினார். சேதி அதற்குள் வந்துவிட்டது.

"கிணறு வெட்டணும்லா சித்தப்பா. அக்கா எங்க?"

"செத்தவளப் பத்தி இப்ப என்ன கேள்வி?"

"செத்தவன்னா எலும்பு எங்க?"

நயினார் மகனைப் பார்த்தார். அவனை வெளியே போகச் சொல்லுவார் என்று குற்றாலிங்கம் நினைத்தார். சொல்லவில்லை.

"ஓடிப்போயிட்டா லே" என்றார் கடைசியில். "மலைக்கு அந்தப் பக்கமிருந்து பாக்குப் பாரம் ஏத்திக்கிட்டு வருவான் ஒருத்தன். தென்காசி பள்ளிவாசத் தெரு. முகம்மது கனின்னு பேரு. அவன் வண்டியிலயே போயிட்டா. ஊரு சிரிக்கும்லா? அம்மைன்னு சொல்லி வீட்ட அடைச்சோம். அம்மை வீட்டுக்குள்ள எவன் எட்டிப் பாப்பான்? வாழத்தண்டுக்கு அவ சேலயச் சுத்தி, பாயில உருட்டி, நானும் உங்க அய்யாவும் தூக்கிட்டுப் போயிப் பொதைச்சோம். உங்க ஆத்தாதான் வளையலப் போடணும்னு அழுதா."

"பெறகு தேடலையா?"

"தேடாம? அருவாள எடுத்துக்கிட்டு ஆரியங்காவு வரைக்கும் போனோம். கெடைக்கல." நயினார் எச்சிலைத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னார். "கெடைச்சிருந்தா அந்தக் குழி காலியா இருந்திருக்காது."

தைலம் தேய்த்துக்கொண்டிருந்த இசக்கியப்பனின் கை நின்றது. இத்தனை வருஷமாகத் தான் கும்பிட்டு விழுந்தது ஒரு வாழைத்தண்டின்மேல் என்பதைவிட, அப்பா அரிவாளோடு மலையேறினார் என்பதுதான் குற்றாலிங்கத்தைப் போட்டு உலுக்கியது. அதே அப்பாதான் தை மாதம் வந்தால் கல்லின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுவார். அப்போது அவர் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்திருக்கிறார். அது எதற்கு வந்த தண்ணீர்?

அன்றைக்குச் சங்கரம்மாள் சாப்பிடவில்லை. "அவ அங்கன இல்லன்னா, நான் இத்தன வருசம் யாருகிட்டப் பேசினேன்? எனக்குப் பிள்ள குடுத்தது யாரு?" என்று கேட்டாள். பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். "எங்கயோ செத்துத்தான இருப்பா. எங்க பொதைச்சாகளோ அங்கன போயி ஒரு பிடி மண்ணு எடுத்துட்டு வாங்க. அந்த மண்ண வச்சுக் கும்பிடுவோம். மக கல்யாணத்த வச்சுக்கிட்டு இப்பிடி விட்டுட்டு இருக்கக் கூடாது."

பிள்ளைக்கு ஆவணியில் முகூர்த்தம் பார்த்திருந்தது. குற்றாலிங்கம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தென்காசிக்குக் கிளம்பினார்.

பள்ளிவாசல் தெருவில் முகம்மது கனி என்று கேட்ட இடத்தில் எல்லாம் பேச்சு நின்றுபோயிற்று. அப்படி யாரும் இல்லை என்றார் ஒருவர். ரொம்பப் பேர் இருக்கிறார்கள், எந்தக் கனி என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளிடம் அனுப்பினார் இன்னொருவர். கேள்வி கேட்கும் முன்பே எல்லோரும் தன் முகத்தையும் மீசையையும் ஒரு தரம் பார்ப்பதை அவர் கவனித்தார். கடைசியில், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் துணி எடுக்கிற ஜவுளிக்கடையில் போய் உட்கார்ந்தார். கடைக்காரர் பெரியவர், பழகியவர். அவரும் முதலில் முகத்தைத்தான் பார்த்தார்.

"எதுக்குத் தேடுதிய?"

"ஒரு காரியமா."

"நல்ல காரியமா?"

குற்றாலிங்கம் விழித்தார். இப்படி ஒரு கேள்வி வரும் என்று அவர் நினைக்கவில்லை. "அவர் சம்சாரம் எங்க அக்கா" என்று சொல்லிவிட்டார். கடைக்காரர் கணக்குப்பிள்ளையை உள்ளே போகச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கனி மவுத்தாயி ரொம்ப நாளாச்சு. கொல்லம் பக்கமே இருந்துட்டு, கடைசிக் காலத்துலதான் இங்கன வந்தாரு. அந்தம்மா போனது முந்தின வருசம் ஆடி மாசம்."

"முந்தின வருசமா?"

"ஆமா. குற்றாலத்துலதான் இருந்தாக. பெரிய அருவிக்குப் போற வழியில மகன் பழக்கடை வச்சிருக்கான். அகமது கபீர். அந்தம்மாவும் கடையில உக்காந்து யாவாரம் பாத்தவுகதான்." கொஞ்சம் நிறுத்தி, "அவன் சாதுவான பையன், அண்ணாச்சி" என்றார். அது ஒரு வேண்டுகோள் மாதிரி இருந்தது.

குற்றாலிங்கம் பஸ்ஸுக்குக்கூட நிற்கவில்லை. நடந்தே போனார். சாரல் தொடங்கியிருந்தது. சீசன் தவறாமல் அவர் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறவர். வண்டி கட்டிக்கொண்டு, ஆட்களோடு, எண்ணெய்க் கிண்ணத்தோடு, சத்தமும் சிரிப்புமாகப் போவார். பெரிய அருவிக்குப் போகும் வழியில் எத்தனை கடைகளில் பழம் வாங்கியிருக்கிறார்! எந்தக் கையிலிருந்து வாங்கினோம் என்று யோசித்து யோசித்துப் பார்த்தார். ஒரு கையும் நினைவுக்கு வரவில்லை. தைக்குத் தை அக்காளுக்குச் சிற்றாடை சாத்திய நாளில் அவள் கூப்பிடு தூரத்தில் பழம் விற்றுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

கடை ஓலைக்கொட்டகைதான். பலாச்சுளைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்தான். ஒடிசலான உடம்பு, முப்பதைத் தொடாத வயசு. குற்றாலிங்கத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். "பிள்ளையத் தூக்கிட்டு உள்ள போ" என்று பின்னால் திரும்பி மனைவியிடம் சொன்னான். அவள் ஏன் என்று கேட்காமல் போனாள்.

"என்னைத் தெரியுமா?" என்றார் குற்றாலிங்கம்.

"தெரியும். இலஞ்சி அண்ணாச்சி."

"எப்பிடித் தெரியும்?"

"உம்மா காட்டியிருக்காக. சின்னப்பிள்ளையில இருந்தே, நீங்க குளிக்க வரும்போதெல்லாம் காட்டுவாக."

குற்றாலிங்கம் ஒரு எட்டு முன்னால் வந்தார். அவள் தன்னை மறக்கவில்லை. "காட்டுவாளா? என்ன சொல்லிக் காட்டுவா?"

கபீர் தட்டைத் துணி போட்டு மூடினான். அதற்கு வேண்டியதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டான்.

"இந்த மூஞ்சிய நல்லாப் பாத்து வச்சுக்க. இது எப்ப நம்ம வாசல்ல வந்து நின்னாலும் எதையும் எடுக்காத, பின்பக்கமா ஓடிருன்னு சொல்லுவாக."

குற்றாலிங்கம் கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டார். "நான் அவ தம்பி. அப்ப நான் சின்னப் பையன். ஒண்ணும் தெரியாது. செத்துட்டான்னு சொன்னாக. நான் அவளக் கும்பிட்டுக்கிட்டு இருந்தேன் கபீர், சாமியா வச்சுக் கும்பிட்டேன்."

"அது உம்மாவுக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"உங்க ஊருப் பொம்பள ஒருத்தி பழம் வாங்க வந்த இடத்துல சொன்னா. எங்க ஊருல மாரித்தாய்னு ஒரு கன்னி, கேட்டதக் குடுக்கும்னு. அன்னைக்கு உம்மா சோறு திங்கல. என்னையப் பொதைச்சுச் சாமியாக்கிட்டாக, இனி உசிரோட எவன் கண்ணுலயாவது பட்டா விடவே மாட்டாகன்னு சொன்னாக. அதுக்குப் பெறகு சீசன்ல கடைக்கு வாரதையே விட்டுட்டாக. வீட்டுக்குள்ளயேதான்."

குற்றாலிங்கம் மண்தரையில் உட்கார்ந்தார். கபீர் முக்காலியை எடுத்துப் போடவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். அவர் குடித்தார். குடித்ததைப் பார்த்த பிறகு அவனும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.

"ஒரு தடவ நீங்க அவுகளப் பாத்திய" என்றான்.

"எப்போ?"

"மவுத்தான அன்னைக்கு. தென்காசிக்குச் சந்தூக்குல தூக்கிட்டுப் போனோம். ரோட்டோரம் உங்க வயல்ல நடவு நடந்துக்கிட்டு இருந்துச்சு. நீங்க வரப்புல நின்னிய. உங்களப் பாத்ததும் எனக்குக் காலு ஓடல. நீங்க தலையில கட்டியிருந்த துண்ட அவுத்துக் கையில வச்சுக்கிட்டிய. நாங்க தாண்டிப் போற வரைக்கும் அப்பிடியே நின்னிய."

குற்றாலிங்கம் நினைத்துப் பார்த்தார். சாரலில் சந்தூக்கைத் தோளில் சுமந்து எத்தனையோ கூட்டங்கள் அந்த வழியே போயிருக்கின்றன. யார் போனாலும் துண்டை எடுத்துவிட்டு நிற்பது அவர் பழக்கம். அந்த ஒரு நாள் தனியாக நினைவுக்கு வரவேயில்லை. வந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ள ஆசையாக இருந்தது.

"எடத்தக் காட்டு" என்றார்.

கபீர் தயங்கினான். உள்ளே போய் மனைவியோடு ஏதோ பேசிவிட்டு வந்து கடையை அடைத்தான். இருவரும் தென்காசிச் சாலையில் நடந்தார்கள். கபீர் முன்னால் போகவும் இல்லை, பக்கத்தில் வரவும் இல்லை. எப்போதும் அவரைத் தன் கண்ணில் வைத்தபடி நாலு எட்டுப் பின்னாலேயே வந்தான்.

மையவாடியில் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. ஒரு ஓரத்தில் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் இரண்டு மீசான் கற்கள். பேர் ஒன்றும் வெட்டியிருக்கவில்லை. "இதான்" என்றான் கபீர். கைகளை ஏந்தி வாய்க்குள் ஓதினான். குற்றாலிங்கத்தின் கைகள் தாமாகக் குவிந்தன. பாதியில் அது சரியா என்று தெரியாமல் இறங்கின. அழுகை வரும் என்று எதிர்பார்த்தார். அதுவும் வரவில்லை. முகம்கூட மறந்துபோன ஒருத்தியின் காலடியில் நின்று என்ன சொல்வது? "அக்கா" என்று கூப்பிட்டுப் பார்த்தார். தன்னைக் கண்டாலே பயந்து ஒளிந்தவளை இப்போது ஓட வழியில்லாத இடத்தில் வந்து பிடித்துவிட்டோம் என்று பட்டது. அந்த நினைப்பு அவரை ஒரு அடி பின்னால் தள்ளியது.

பிறகு சங்கரம்மாள் சொன்னது நினைவு வந்தது. குனிந்து ஈரமண்ணில் ஒரு பிடி அள்ளினார். கபீர் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தான்.

"எதுக்கு?"

"வீட்டுல வச்சுக் கும்பிட. எம்பொண்டாட்டி..."

"வேண்டாம் அண்ணாச்சி. எங்க உம்மாவச் சாமியாக்கிராதிய. இந்த ஒரு எடத்துலதான் பயமில்லாம இருக்காக. அந்த ஊருக்குத் திரும்பக் கொண்டு போகாதிய."

குற்றாலிங்கம் விரல்களைப் பிரித்தார். மண் கபர்மீதே விழுந்தது. ஒட்டியிருந்ததைத் தட்டிவிட்டு, "நான் அடுத்த வாரம் வந்து பிள்ளையளப் பாக்கலாமா?" என்று கேட்டார்.

"வாங்க" என்றான் கபீர், அவர் முகத்தைப் பார்க்காமல்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னார். சங்கரம்மாள் அழுதுகொண்டே கேட்டாள். மகள் மாரித்தாய் கதவோரம் நின்று கேட்டுவிட்டு, "அத்தை என்ன தப்புப் பண்ணினா?" என்றாள். அதோடு விடவில்லை. "தாத்தாமாருக்குப் பயந்துதான அத்தை ஒளிஞ்சிருந்தா? நம்ம எல்லாருக்கும்தான?" என்றாள். குற்றாலிங்கம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

சித்தப்பாவுக்கும் தெரியட்டும் என்று மறுநாள் அவரிடமும் போய்ச் சொன்னார். அதில் ஒரு வீம்பு இருந்தது. நீங்கள் கொல்லப் போனவள் வாழ்ந்து, பிள்ளை பெற்று, பேரன் பேத்தி எடுத்துத்தான் போயிருக்கிறாள் என்று அந்தக் கட்டிலுக்கு எதிரே நின்று சொல்ல வேண்டும் போல இருந்தது. சொன்னார். நயினார் கண்ணை மூடிக்கொண்டார். இசக்கியப்பன் மட்டும் கேட்டான். "கடை எந்தப் பக்கம் அண்ணே?"

சொன்ன மாத்திரத்திலேயே சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்துவிட்டது. "நீ ஒண்ணும் அங்கன போகவேண்டாம்" என்று அதட்டிவிட்டு வந்தார்.

அடுத்த வாரம், பிள்ளைகளுக்கு மிட்டாயும் கபீர் மனைவிக்கு ஒரு சேலையும் வாங்கிக்கொண்டு குற்றாலம் போனார். சேலை அந்த ஜவுளிக்கடையில்தான் எடுத்தது. அருவியில் தண்ணீர் ஆர்ப்பரித்து விழுந்தது, எங்கும் கூட்டம். கபீரின் கொட்டகையில் தட்டியைச் சாத்திக் கயிறு போட்டிருந்தது. பக்கத்துக் கடையில் பூ விற்கிற வள்ளித்தாய் அவரைப் பார்த்ததும் பூக்கூடையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"கபீர் எங்கம்மா?"

"போயிட்டாவ."

"எங்க?"

"புனலூர்ப் பக்கம்னாவ. சரியாத் தெரியல. நீங்க வந்துட்டுப் போன பெறகு உங்க ஊரு ஆளுக கொஞ்சப் பேரு வந்தாகள்லா?"

"வந்து? அடிச்சாங்களா?"

"இல்ல. ஒண்ணுமே செய்யல. அங்கன எதுத்தாப்புல நின்னாக. நின்னு பாத்துக்கிட்டே இருந்தாக. பெறகு ஒரு ஆளு கிட்டப் போயி, ஒம் பேரு என்னன்னு கேட்டாரு. பொண்டாட்டி பேரு, பிள்ளைக பேரு, எல்லாம் கேட்டாரு. ரெண்டு பழம் வாங்கித் தின்னுட்டுப் போயிட்டாக. மறுநா விடியவும் பாத்தா இந்தக் கடை சாத்திக் கெடந்துச்சு. சீசன்ல எவனாவது கடைய விட்டுட்டுப் போவானா?"

குற்றாலிங்கம் நேராகச் சித்தப்பா வீட்டுக்குத்தான் போனார். இசக்கியப்பன் முற்றத்தில் நின்றான். "பாத்துட்டு வந்தோம் அண்ணே. அவ்வளவுதான். சொந்தக்காரன் எப்பிடி இருக்கான்னு பாக்கக் கூடாதா?" என்று சிரித்தான். குற்றாலிங்கம் ஓங்கி ஒரு அறை விட்டார். அவன் திருப்பி அடிக்கவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டு, "நீங்கதான் எடத்தச் சொன்னிய" என்றான்.



ஆவணியில் மகளின் கல்யாணம் நடந்தது. நயினார் வீட்டிலிருந்து யாரையும் அழைக்கவில்லை. ஊரில் பேச்சு எழுந்தது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சங்கரம்மாள் கன்னியைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள். புனலூருக்கு ரயிலேறிப் போய்த் தேடலாமா என்று பல நாள் யோசித்தார். தேடத் தேட அவர்கள் இன்னும் தள்ளிப் போவார்கள் என்று தோன்றவே போகாமல் இருந்துவிட்டார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு பெய்தது. ஒரு வெள்ளிக்கிழமை தென்காசிக்குப் போனவர் மையவாடிப் பக்கம் திரும்பினார். கபரின் ஒரு பக்கம் மழையில் உள்வாங்கியிருந்தது. கால்மாட்டுக் கல் சாய்ந்து கிடந்தது. காவல்காரரைத் தேடிப் பிடித்து, மண் போட்டு மேடாக்கிக் கல்லை நிமிர்த்தி வைக்க வேண்டும் என்று கேட்டார். என்ன செலவானாலும் தந்துவிடுவதாகச் சொன்னார்.

"செலவு கெடக்கட்டும்" என்றார் காவல்காரர். "இது கபீர் உம்மா கபர்லா? சொந்தக்காரங்க சொன்னாத்தான் கை வைக்க முடியும். நீங்க யாரு?"

"தம்பி."

"யாருக்கு? கபீருக்கா?"

"இல்ல. இவளுக்கு. கூடப் பொறந்த தம்பி."

காவல்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். நெற்றியில் திருநீறு, காதில் கடுக்கன். "அந்தம்மாவுக்குக் கூடப் பொறந்தவுக யாரும் இல்லன்னு கபீர் சொல்லியிருக்கானே" என்றார். குரலில் கடுமை ஒன்றும் இல்லை. தனக்குத் தெரிந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். "கோவிச்சுக்காதிய. அவன் வரட்டும், பாப்போம்."

கபீர் வருவான் என்று குற்றாலிங்கத்துக்குத் தோன்றவில்லை. சரி என்று சொல்லிவிட்டு, மழைக்கு ஒதுங்காமல், மற்ற கபர்களை மிதித்துவிடாதபடி பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வாசலுக்கு நடந்தார்.